பெரியப்பாவின் கதிரை

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குள் அந்தப் பட்டியல் திரும்பவும் வந்து விழுந்திருக்கிறது: 'ஆங்கிலத்தின் தாய் தமிழே'. போட்டவர் பெரியப்பா. முதற்சொல் காசு. அதிலிருந்துதான் கேஷ் வந்ததாம்.

கேஷ் இரண்டு இருக்கிறது. நாங்கள் பாங்கில் எடுக்கிற கேஷுக்கு மூலம் இத்தாலிய 'காஸ்ஸா'. பெட்டி என்று பொருள். பெட்டியின் பெயர் பிறகு உள்ளே கிடந்த பணத்துக்கு ஒட்டிக்கொண்டது. மற்றக் கேஷ், நம் பக்கத்துச் சில்லறை நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். அது எங்கள் காசுதான், போர்த்துக்கீசர் வாய்வழி போனது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனி இடமே உண்டு. இதைச் சொன்னதும், "நீ ஆற்ற பக்கமடா?" என்றார் பெரியப்பா.

கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குப் போனது உண்மை. உள்ள காணி போதாதென்று அடுத்த வளவுக்கும் கள்ள உறுதி முடிக்க வேணுமா?

அதைவிட, அவர் எதில் இருந்துகொண்டு அந்தப் பட்டியலை அனுப்பினார்? கதிரையில். எங்கள் வீட்டில் நாற்காலி என்று ஒருத்தரும் சொல்வதில்லை. கதிரை, 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கீசரின் 'கதெய்ரா'. அதற்குத் தாய் லத்தீன் 'கத்தேத்ரா'. அதே கத்தேத்ரா பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து, ஆங்கிலத்தில் 'செயார்' ஆனது. ஆயரின் ஆசனம் இருக்கிற கோயில் 'கதீட்ரல்' ஆனதும் அதனால்தான். கதிரையும் செயாரும் ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள். முகச்சாயல் துளியும் இல்லை. உரித்துவைத்த மாதிரி இருக்கிற காசும் பாங்குக் கேஷும் ஒருவருக்கொருவர் அந்நியர்.

யன்னலும் போர்த்துக்கீசம்தான், 'ஜனேலா'. (அலுவலகத்துக்கு நாங்கள் சொல்கிற கந்தோர் ஒல்லாந்தர் தந்தது.) ஆனால் ஆங்கிலேயரின் 'விண்டோ' வடக்கே இருந்து வந்த வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழிச் சொல்: காற்றின் கண். சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' என்று வரும். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போலத் துளையிட்ட காற்றுவழி. ஒருவரையொருவர் கண்டேயிராத இரண்டு சனம், சுவரில் விட்ட துளையைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கிறது. எனக்கு இதுதான் ஆகப் பெரிய அதிசயம். பட்டியல்காரருக்கு இதில் ஒன்றும் தேறாது.

இவ்வளவையும் குழுவில் எழுதிப் போட்டேன். பத்து நிமிசத்தில் பெரியப்பாவின் பதில் வந்தது:

"கதிரை போர்த்துக்கீசமோ? அப்ப கதிரைவேலனும் போர்த்துக்கீசனோ?"

கீழே பன்னிரண்டு பேர் கைதட்டியிருக்கினம். அதில் ஒன்று என்ர அம்மா.