ஒரே ராத்திரியில் யாருக்கும் வயசாகாது

நேற்று வரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனுஷர், ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் ராத்திரி சுவரைப் பார்த்துப் பேசுகிறார். ட்ரிப்ஸைப் பிடுங்குகிறார். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார். உடனே வார்டில் சொல்வது: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்."

இல்லை. இதற்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைவது, நீர்ச்சத்து வற்றுவது, மலச்சிக்கல், புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை என்று உடம்பில் எங்கோ உள்ள கோளாறுதான் மூளையைக் கலக்குகிறது. காரணத்தைப் பிடித்துச் சரிசெய்தால் பலர் தெளிந்துவிடுவார்கள்.

என் பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் செய்த தனியார் மருத்துவமனையில், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார் என்று இரண்டு கைகளையும் பேண்டேஜ் துணியால் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன் கழற்றிய கண்ணாடியும் காதுமெஷினும் பாலிதீன் பையில் அலமாரிக்குள்ளேயே கிடந்தன. கண் தெரியாது, காது கேட்காது, கையும் கட்டு, சுற்றிலும் தெரியாத முகங்கள். யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள். கத்தியதற்கு ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். மனநல மருத்துவரைக் கூப்பிடச் சொன்னால், "டிஸ்சார்ஜ் ஆனப்புறம் ஓபியில காட்டுங்க" என்று பதில். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் சோடியம் ரொம்பக் குறைந்திருந்தது.

கையைக் கட்டிய சிஸ்டர் மேல் எனக்குக் கோபமில்லை. மொத்த வார்டுக்கும் ராத்திரியில் அவர் ஒருவர்தான். ஏற்பாடுதான் கோளாறு. எலும்பு, சர்ஜரி, மெடிசின் வார்டுகளுக்கு மனநல மருத்துவர் ரவுண்ட்ஸ் வர வேண்டும், எங்கள் பெரியவர்கள் ஓபி வரிசைக்குப் போய்க்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று, கத்துபவரையாவது கவனிக்கிறார்கள். சாப்பிடாமல், பேசாமல், கண்ணை மூடியே படுத்திருப்பவரை "தொந்தரவே இல்லாத பேஷண்ட்" என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் டெலிரியமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். யாரும் கண்டுபிடிக்காமல் அதிகம் விட்டுப்போவது இவர்களைத்தான்.

தடுப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. அமெரிக்காவில் யேல் மருத்துவமனையில் முதியோர் மருத்துவர் ஷாரன் இனோய் குழு, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணாடியும் காதுமெஷினும் மாட்டிவிடுவது, என்ன நாள், எந்த இடம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது, எழுப்பி நடக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, ராத்திரி சத்தமில்லாமல் தூங்கவிடுவது. இவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, இப்படிக் கவனித்தவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நம் ஊரில் அட்டெண்டராக மகளோ மருமகளோ கட்டிலடியிலேயே இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் வந்திருப்பது நல்ல விஷயம். ஆனால் வழுக்கி விழுந்த பாட்டி போய்ச் சேர்வது பக்கத்து ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று மாறிப்போனால், "இவர் நேத்து வரைக்கும் இப்படி இல்லை" என்று டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சோடியமும் யூரினும் பார்த்தாச்சா, புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சீங்க என்று கேளுங்கள். கையைக் கட்ட வந்தால், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.