"எந்த ஊர்னாலும் ஓகே"ன்னு சொல்றவங்களை முதல்ல நாடு கடத்தணும்

ஓகேன்னா ஓகேன்னு இருக்கணும்ல? லியோன்னு சொன்னா "அங்க என்னடி இருக்கு", லில்னு சொன்னா "அப்படி ஒரு ஊரே இருக்கா", ப்ரஸ்ஸல்ஸ்னு சொன்னா "என் கொலீக் போனா, ஒரே மழையாம்", ஜெனீவான்னு சொன்னா "ஐயோ காசு", சரி சனியன் பாரிஸே போவோம்னா "பாரிஸ் எல்லாரும் போறதுதானே". அப்புறம் எந்த மண்ணாங்கட்டிக்கு "எந்த ஊர்னாலும் ஓகே, நீயே டிசைட் பண்ணு"ன்னு ஹார்ட் எமோஜி வேற?

விஷயம் இதான். பிளஸ் டூல மார்க்குக்காக தமிழை விட்டுட்டு பிரெஞ்சு எடுத்த கோஷ்டி நாங்க, சென்னைல படிச்சவங்களுக்குத் தெரியும் அந்தக் கதை, இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூறுக்கு மேல வாங்கிட்டு ஒரு காபி கூட ஆர்டர் பண்ணத் தெரியாத கூட்டம். இப்ப நான் லண்டன், ஒருத்தி ரெடிங், ஒருத்தி லண்டன்லயே கிழக்குப் பக்கம், ஒருத்தி டப்ளின். ஒரு வீக்கெண்ட் பிரெஞ்சு பேசற ஊர் எதுக்காவது போய் வாங்கின மார்க்குக்கு நியாயம் பண்ணுவோம்னு வருஷக்கணக்கா பேச்சு. பேச்சு மட்டும்தான். வாட்ஸப்ல போல் போட்டேன், அஞ்சு ஊர். டப்ளின்காரி ஆறாவதா அவளே ஆம்ஸ்டர்டாம் சேர்த்து அதுக்கே ஓட்டும் போட்டா. ஆம்ஸ்டர்டாம்ல எவன்டி பிரெஞ்சு பேசறான்?

இதுல ஒரு கொடுமை, மத்தவங்களுக்கு இது வெறும் ஊர் செலக்‌ஷன், எனக்கு மட்டும் இது விசா. என்கிட்ட இருக்கறது இந்தியன் பாஸ்போர்ட். ரெண்டு பேர் பிரிட்டிஷ், டப்ளின்காரி ஐரிஷ். அவங்க "கடைசி நிமிஷத்துல பார்த்துக்கலாம்"னு ஜாலியா சொல்லுவாங்க. எனக்கு கடைசி நிமிஷம்னு ஒண்ணே கிடையாது. ஷெங்கன்ல, அதாவது ஒரே விசாவுல சுத்தற ஐரோப்பிய நாடுங்கள்ல, எந்த நாட்டுல அதிக நாள் தங்கறோமோ அந்த நாட்டுக்கிட்டதான் அப்ளை பண்ணணும். ப்ரஸ்ஸல்ஸ்னா பெல்ஜியம், ஜெனீவான்னா சுவிஸ், லியோன்னா பிரான்ஸ். அதாவது ஊர் முடிவானாதான் அப்பாயின்ட்மென்ட்டே தேட முடியும், தேடினா ஸ்லாட் இருக்காது, ஸ்லாட் இருக்கற நாட்டுக்கு ஊரை மாத்தலாமான்னு கேட்டா "என்ன நீ மாத்திட்டே இருக்க"ன்னு எனக்கே திட்டு. ரெண்டு ராத்திரிக்கு 90 யூரோ ஃபீஸ், அதுக்கு மேல சென்டர்காரன் சர்வீஸ் சார்ஜ், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆபீஸ் லெட்டர், 30,000 யூரோ கவரேஜோட டிராவல் இன்ஷூரன்ஸ், ஹோட்டல் புக்கிங். விசா வந்தாதான் போக முடியும், ஆனா போறதுக்கு புக் பண்ணினதைக் காட்டினாதான் விசா. இதை எழுதினவன் நல்லாவே இருக்க மாட்டான்.

ஒரு சின்ன சந்தோஷம் மட்டும். 2025 அக்டோபர்லேர்ந்து பார்டர்ல கைரேகை, போட்டோ எல்லாம் எடுக்கற புது சிஸ்டம் வந்துருக்கு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரங்களும் வரிசையில நின்னு விரலை வைக்கணும். வைங்கம்மா, நல்லா அழுத்தி வைங்க.

அடுத்து நம்ம டப்ளின் மேடம். தினம் காலையில ஒரு ஸ்க்ரீன்ஷாட். "பாரிஸ் வெறும் இவ்ளோதான்டி!" ஓபன் பண்ணிப் பார்த்தா பாரிஸ் போவே ஏர்போர்ட். பேர்லதான் பாரிஸ், இருக்கறது சிட்டிலேர்ந்து கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர் வடக்கால. சென்னைன்னு டிக்கெட் வித்துட்டு காஞ்சிபுரத்தையும் தாண்டி இறக்கிவிடற கதை இது. அங்கேர்ந்து பஸ்சு, ட்ராஃபிக் இல்லன்னாலே ஒண்ணேகால் மணி நேரம், அந்த பஸ்சுக்குத் தனிக் காசு. மறுநாள் ப்ரஸ்ஸல்ஸ் ஸ்க்ரீன்ஷாட், அது ஷார்ல்ருவா, அதுவும் இதே ரகம்தான். ஏன் இந்த ஊருங்களுக்கெல்லாம் சொந்தப் பேர்ல ஒரு ஏர்போர்ட் வெச்சுக்க மானம் இல்லையா?

அந்த சீப் டிக்கெட்ல ஏறப் போறப்ப பையோட கதை வேற. போன தடவை வேற ஒரு ட்ரிப்ல, பேர் வேண்டாம், கேட்கிட்ட பையோட சைஸ் பார்க்க ஒரு இரும்புக் கூண்டு வெச்சிருந்தான். எனக்கு முன்னாடி ஒரு அம்மா தன்னோட முதுகுப் பையை அதுக்குள்ள முழங்கையால குத்திக் குத்தி இறக்கறாங்க, சக்கரம் கூட இல்லாத துணிப் பை, மேல ஒரு ரெண்டு விரக்கடை நீட்டிக்கிட்டு நிக்குது, பக்கத்துல நிக்கற பையன் கார்ட் மெஷினை நீட்டிட்டே சிரிக்கறான். அவங்க பைக்குள்ளேர்ந்து ஸ்வெட்டரை உருவிப் போட்டுக்கிட்டாங்க, அதுக்கு மேல கோட்டைப் போட்டுக்கிட்டாங்க, அப்புறம் செருப்பை எடுத்து கோட் பாக்கெட்ல சொருகினாங்க, அப்பதான் பை உள்ள போச்சு. டிக்கெட்டை விட பைக்கு அதிகமா கட்டறது இப்ப சகஜம். இதுல "வெறும் இவ்ளோதான்டி".

சரி ஊருக்குப் போய் சேர்ந்தாச்சுன்னே வெச்சுப்போம். வீக்கெண்டோட திங்கட்கிழமை லீவ் போட்டுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆபீஸ்ல கேக்கறதுக்கு சுலபம். ஆனா பிரான்ஸ்ல ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல கடைங்க பாதிக்கு மேல ஷட்டர், திங்கட்கிழமை மியூசியம் பாதி மூடல், செவ்வாய்க்கிழமை மிச்சப் பாதி மூடல். ஓர்சே திங்கள் லீவு, லூவ்ர் செவ்வாய் லீவு. பொம்பிடு சென்டர் 2025லேர்ந்து ரிப்பேருக்காக முழுசா மூடியாச்சு, 2030லதான் திறப்பாங்களாம், அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும் போல. மே மாசம் போலாம்னா ஒண்ணாந்தேதி லீவு, எட்டாந்தேதி லீவு, நடுவுல அசென்ஷன்னு ஏசு விண்ணேறின பண்டிகை வியாழக்கிழமை வந்தா வெள்ளிக்கிழமையும் சேர்த்து ஊரே கிளம்பிப் போயிரும். ஆகஸ்ட்ல சொல்லவே வேண்டாம், நல்ல பேக்கரிக்காரனே போர்டு மாட்டிட்டு பீச்சுக்குப் போயிருவான். இதெல்லாம் அவங்க உரிமை, தப்பு சொல்லல, உழைக்கறவன் லீவ் எடுக்கட்டும். என் கோபம் "48 மணி நேரத்தில் பாரிஸ்"னு லிஸ்ட் போடறவங்க மேல. அந்த 48 மணி நேரம் எந்தக் கிழமைலேர்ந்து எந்தக் கிழமைன்னு ஒருத்தராவது எழுதறாங்களா? காலையில லூவ்ர், மதியம் ஓர்சே, சாயங்காலம் டவர், ராத்திரி படகு. நடுவுல ஒண்ணுக்குப் போகவாவது டைம் குடுங்கய்யா.

லூவ்ர்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2026 ஜனவரிலேர்ந்து ஐரோப்பிய யூனியனும் அதோட சேர்ந்த நார்வே மாதிரி சில நாடுங்களும் தவிர மத்தவங்களுக்கு டிக்கெட் 32 யூரோ. அந்த நாட்டுக்காரங்களுக்கு 22. அதாவது ஒரே பெஞ்ச்ல உக்காந்து ஒரே பிரெஞ்சு டீச்சர்கிட்ட அடி வாங்கின டப்ளின்காரிக்கு 22, எனக்கு 32, அதுவும் மோனா லிசான்னு 77 சென்டிமீட்டர் உயரப் படத்தை நூறு ஃபோனுக்குப் பின்னாடி நின்னு எக்கிப் பார்க்கறதுக்கு. அவ சொல்றா, "நான் வேணா உனக்கு காபி வாங்கித் தர்றேன்". வாங்கித் தா.

லியோன்தான் என்னோட முதல் சாய்ஸ். ரெண்டு ஆறு, மேல ஃபூர்வியேர் குன்று, பழைய ஊர்ல வீட்டுக்குள்ள புகுந்து அடுத்த தெருவுல வெளிய வர்ற ட்ராபூல் சந்துங்க, நடந்தே பார்க்கலாம். அதை அடிச்சது சாப்பாடு. எங்கள்ல ஒருத்தி சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. பூஷோன்னு சொல்ற லியோனோட பாரம்பரிய சாப்பாட்டுக் கடைல மெனு எடுத்தா குடல், கல்லீரல், தொத்திறைச்சி, கனெல்னு பஞ்சு மாதிரி ஒண்ணு வரும் அதுல மீன், சரி சாலட்டாவது திங்கட்டும்னு பார்த்தா லியோன் சாலட்டுக்குள்ள பன்னிக்கறியும் மேல ஒரு முட்டையும். ரெடிங்காரி போட்டிக் குழம்புக்கு சொத்தெழுதி வைக்கற ஆளு, அவளுக்கு வாயெல்லாம் தண்ணி. சைவக்காரி முகம் சுருங்கிடுச்சு, பாவம், அவளைச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா அவ வெச்ச மாற்று யோசனை இருக்கே. பாரிஸ் போவோம், கார் து நோர் ஸ்டேஷன் பக்கத்துல லா ஷப்பெல் இருக்கு, தெரு பூரா நம்ம யாழ்ப்பாணத் தமிழர் கடைங்க, தோசை, இடியாப்பம் எல்லாம் கிடைக்கும்னு. கிடைக்கும்தான், நல்லாவும் இருக்கும், அந்தத் தெருவுல நடந்தா ஊர் ஞாபகம் வந்து கண்ணு கலங்கும், எல்லாம் சரி. ஆனா விசா வாங்கி, விரலை வெச்சு, பிரெஞ்சு பேசப் போறோம்னு கிளம்பி, "அண்ணா ரெண்டு நெய் தோசை"ன்னு தமிழ்லயே ஆர்டர் பண்ணிட்டு வர்றதுக்கா இத்தனை பாடு?

ஜெனீவா ஒரே நிமிஷத்துல செத்துப் போச்சு. ஏரியில ஒரு ஃபவுண்டன் 140 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி பீச்சுதுன்னு நான் சொன்னேன், அவங்க ஒரு ப்ளேட் சாப்பாட்டு விலையை ஃப்ராங்க்லேர்ந்து பவுண்டுக்கு மாத்திப் பார்த்தாங்க, அவ்ளோதான். ப்ரஸ்ஸல்ஸ்ல அந்த ஒண்ணுக்குப் போற பையன் சிலை ரெண்டடி கூட இல்லன்னு ஒருத்தி ஃபோட்டோவோட வந்தா. ஏன்டி, சிலையோட உயரத்தை வெச்சா ஊரை முடிவு பண்ணுவாங்க?

அதனால இனிமே யாரையும் கேக்கறதா இல்ல. லில். பிரான்ஸ் அப்பாயின்ட்மென்ட் ஒண்ணு கிடைச்சுது, அமுக்கிட்டேன். லண்டன்லேர்ந்து யூரோஸ்டார்ல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இறங்கிடலாம், ஸ்டேஷன்லேர்ந்து பழைய ஊர் நடக்கற தூரம், பஸ்சும் கிடையாது 85 கிலோமீட்டரும் கிடையாது. டப்ளின்காரி ஸ்க்ரீன்ஷாட்டை நிறுத்திட்டு ஒழுங்கா பாரிஸோட பெரிய ஏர்போர்ட் சார்ல்ஸ் த கோலுக்கு டிக்கெட் எடுத்தா, ஏர்போர்ட்டுக்குள்ளேர்ந்தே டிஜிவின்னு அதிவேக ட்ரெய்ன், ஒரு மணி நேரத்துக்குள்ள லில். பூர்ஸ்னு சொல்ற பழைய வியாபாரச் சந்தைக் கட்டடத்தோட முத்தத்துல செகண்ட் ஹாண்ட் புக்கு விக்கறாங்க, பெரியவங்க செஸ் ஆடறாங்க, பிரெஞ்சு பேசணும்னா அங்க போய் பேசுங்க. ஞாயித்துக்கிழமை காலையில வாஸெம் சந்தை, காய்கறி, சீஸ், ஆலிவ்னு கொட்டிக் கிடக்கும், சைவக்காரி ராணி மாதிரி சாப்பிடலாம். பக்கத்து ஊர் ரூபேல 1932ல கட்டின நீச்சல் குளத்தையே மியூசியமா மாத்தி வெச்சிருக்காங்க, மெட்ரோல போயிரலாம், அது திங்கட்கிழமை லீவு, அதனால சனிக்கிழமை. ஆர்ட் மியூசியத்துல கோயாவோட ரெண்டு படம் இருக்கு, ஒண்ணுல ஒரு கிழவி அவ்ளோ நகையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா, பக்கத்துல வேலைக்காரி கண்ணாடி நீட்டுவா. என் பெரிய அத்தையை அச்சு அசலா அப்படியே பார்க்கலாம்.

டவர் பார்த்தே ஆகணும்னு அழறவங்க லில்லேர்ந்து ஒரு மணி நேர ட்ரெய்ன்ல பாரிஸ் போய், டவருக்குக் கீழ நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து சேருங்க. ஏழு, ஏழரைக்கு முன்னாடி பெரும்பாலும் கிச்சன் திறக்க மாட்டான், அதனால அவசரம் இல்ல. எனக்கு டிக்கெட் போட்டாச்சு, ஹோட்டல்ல ரெண்டு ரூம் கேன்சல் பண்ற மாதிரி எடுத்து வெச்சிருக்கேன், வர்றவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள காசை அனுப்புங்க. இனிமே குரூப்ல எவளாவது "ஏய் ஸ்ட்ராஸ்பூர் பார்த்தீங்களா, செம்மயா இருக்கு"ன்னு ரீல் போட்டா நேரா பிளாக்தான்.