விரலில் விசில் இருக்கிறது, ஊதத்தான் மனம் வரவில்லை

ஏப்ரலில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் தொடர்கள், தொடங்கிவிட்டால் ரசிகர் குழுக்களில் இரண்டே குற்றச்சாட்டுதான். ஒன்று, நடுவருக்குக் கண் தெரியவில்லை. இன்னொன்று, நடுவர் விலை போய்விட்டார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஐஸ் மேல் இரண்டு நடுவர், கோடுகளைக் கவனிக்கும் இரண்டு லைன்ஸ்மேன் என நான்கு பேர் நிற்கிறார்கள். சீசன் முழுக்க மதிப்பிட்டு, சுற்றுக்குச் சுற்று சலித்து, ஸ்டான்லி கோப்பை இறுதிக்கு வரும்போது நான்கு நடுவர்களும் நான்கு லைன்ஸ்மேன்களும்தான் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்ததற்கெல்லாம் பெனால்டி என்று கை உயர்வதில்லை, அவ்வளவுதான். எந்த நிமிடத்தில், எந்த ஸ்கோரில் உயர்வதில்லை என்று கவனித்தால் விஷயம் பிடிபடும்.

விதிப்புத்தகத்தில் 57-ஆம் விதி ட்ரிப்பிங். ஸ்டிக்காலோ காலாலோ எதிராளியைத் தடுக்கி விழவைத்தால் இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸில் உட்காரவேண்டும், அணி ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும். சீசன் தொடங்கும் அக்டோபருக்கு ஒரு விதி, பிளேஆஃப் நடக்கும் மே மாதத்துக்கு ஒரு விதி என்று எங்கும் அச்சடிக்கவில்லை. பிளேஆஃபில் எழுத்தில் மாறுவது ஓவர்டைம் மட்டும்தான்: மூவருக்கு மூவர் ஆட்டமும் ஷூட்அவுட்டும் போய், ஐவருக்கு ஐவர் 20 நிமிட பீரியடுகள், யாராவது கோல் போடும்வரை. மற்ற மாற்றமெல்லாம் எழுதாத சட்டம். அதற்கு லீக் வட்டாரத்தில் வைத்திருக்கும் பெயர் ‘கேம் மேனேஜ்மென்ட்’. ஆட்டத்தை நிர்வகிக்கிறார்களாம்.

2019 இறுதித் தொடரின் 5-ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 6, பாஸ்டன். மூன்றாம் பீரியடில் செயின்ட் லூயிஸ் 1-0 முன்னிலை. அந்த அணியின் டைலர் போசாக்கின் கால் பட்டு பாஸ்டனின் நோயல் அச்சியாரி பின்பக்கமாக விழுந்து தலையை அடித்துக்கொள்கிறார். திறந்த ஐஸில், நடுவரின் பார்வைக்குள் நடந்தது. கை உயரவில்லை. சில விநாடிகளில் செயின்ட் லூயிஸின் டேவிட் பெரோன் கோல் போட்டு 2-0. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் இதே விழுகை யோசனையே இல்லாத இரண்டு நிமிடம்.

ஏன் இப்படி? நடுவர் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். விசில் ஊதினால் முடிவு அவருடையது. திரையில் அவர் முகம், மறுநாள் தலைப்புச் செய்தியில் அவர் பெயர். ஊதாவிட்டால் அது ‘வீரர்களே ஆட்டத்தைத் தீர்மானிக்கட்டும்’ என்ற கண்ணியமான சொற்றொடருக்குள் மறைந்துகொள்ளும். ஆனால் ஊதாததும் ஒரு முடிவுதான். தடுக்கி விழவைத்தவனுக்குச் சாதகமான முடிவு.

இதைப் பயிற்சியாளர்கள் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் பவர் பிளேயில் கோல் விழும் வாய்ப்பு சுமாராக ஐந்தில் ஒன்று. ஆறு முறை ஸ்டிக்கைக் கொக்கியாக மாட்டி இழுத்து (இதுதான் ஹூக்கிங்) இரண்டு முறை மட்டும் பிடிபட்டால், விலை அரை கோலுக்கும் குறைவு. அந்த ஆறு இழுப்பில் எதிரணியின் வேகமான ஆட்டக்காரனுக்கு நான்கு ஓட்டங்கள் செத்துப்போனால் லாபம் யாருக்கு? அதனால்தான் முதல் சுற்றின் முதல் ஆட்டத்தில் எல்லாருமே கொஞ்சம் எல்லை மீறிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு நடுவர் எதை விட்டார் என்பதுதான் தொடர் முழுமைக்குமான அளவுகோல். ஊதித் தள்ளினால் மூன்றாம் ஆட்டத்துக்குள் நல்லபிள்ளையாகிவிடுவார்கள். 2004-05 லாக்அவுட்டுக்கு, அதாவது சம்பளத் தகராறில் சீசனே நடக்காமல் போனதற்கு, பிறகு இழுத்துப் பிடிப்பதை லீக் உண்மையாகவே ஒடுக்கியது. 2005-06 சீசனில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு பவர் பிளே கிடைத்தது. இன்று சுமார் மூன்று. வீரர்கள் திருந்தியது பாதிக் காரணம். விசில் சோம்பியது மீதி.

இதில் அடிபடுவது திறமைக்காரன். 2020-21 சீசனில் கானர் மெக்டேவிட் 56 ஆட்டங்களில் 105 புள்ளி எடுத்தார். அந்த ஆண்டு வின்னிபெக்குடனான முதல் சுற்றில் நான்கு ஆட்டங்களிலும் எட்மன்டன் தோற்றது. அந்த நான்கிலும் அவர்மேல் செய்த தவறுக்காக எதிரணிக்கு ஒரு பெனால்டிகூட விழவில்லை. லீக்கிலேயே அதிக வேகக்காரனை நான்கு ஆட்டங்களில் யாரும் ஒருமுறைகூட விதி மீறித் தடுக்கவில்லை என்று நம்பச் சொல்கிறார்கள்.

அடுத்தது சமன்செய்யும் விசில். ஓர் அணிக்கு அடுத்தடுத்து இரண்டு பெனால்டி விழுந்தால் மூன்றாவது யாருக்கு என்று பந்தயம் கட்டலாம். 2021 மார்ச் 23 அன்று நாஷ்வில்–டெட்ராய்ட் ஆட்டத்தில் நடுவர் டிம் பீலின் மைக் தொலைக்காட்சியில் ஒலித்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நாஷ்வில்லுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பெனால்டி கொடுக்க நினைத்தேன் என்ற பொருளில் பேசியிருந்தார். மறுநாளே லீக் அவருடைய பணியை முடித்துவைத்தது. ஓய்வுபெற ஒரு மாதம்தான் பாக்கி. நடைமுறை என்னவோ ஓய்வு பெறவில்லை. எல்லாரும் செய்வதை அவர் மைக்கில் சொல்லிவிட்டார் என்பதே அவர் குற்றம்.

இதன் இன்னொரு வடிவம், ஒரே நிகழ்வில் இருவரையும் உள்ளே அனுப்புவது. ஒருவனுக்கு ட்ரிப்பிங், விழுந்தவனுக்கு நடிப்பு. விழவைத்தானா, நடித்தானா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் சாமி.

நியாயமாகச் சொன்னால் சில தவறுகளுக்கு இடம்தான் காரணம். இரு நடுவர்களில் ஒருவர் கோல் கோட்டின் ஓரம், மூலையில். மற்றவர் நீலக் கோட்டுக்கு வெளியே, பின்னால். கோல்கீப்பர் முன்னால் ஆறேழு பேர் குவிந்திருக்கும்போது மூலையில் நிற்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். பின்னால் நிற்பவருக்குத் தெரியும், ஆனால் அது சகாவின் பகுதி. அங்கே கை தூக்கினால் அவரை மீறியதுபோல் ஆகிவிடும் என்ற தயக்கம். போதாததற்கு இருவரின் அளவுகோலும் வேறு. ஒரே இழுப்பு இந்தக் கோடியில் பெனால்டி, அந்தக் கோடியில் இல்லை. ஆனால் ஒரே நடுவர் இருந்த காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் டொராண்டோ பக்கம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். 1993 மே 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸ்–டொராண்டோ ஆட்டம், லாஸ் ஏஞ்சலிஸில் ஓவர்டைம். லாஸ் ஏஞ்சலிஸின் வெய்ன் கிரெட்ஸ்கியின் ஸ்டிக் டொராண்டோவின் டக் கில்மரின் தாடையைக் கிழித்தது. தனி நடுவர் கெர்ரி ஃப்ரேசர் பார்க்கவில்லை. பாக்ஸில் இருக்கவேண்டிய கிரெட்ஸ்கியே சற்று நேரத்தில் வெற்றி கோலைப் போட்டார். அங்கே வளர்ந்த நம் பிள்ளைகளில் டொராண்டோ அணியான லீஃப்ஸின் ஜெர்சி போட்டவர்களுக்கெல்லாம், அப்போது பிறக்காதவர்களுக்கும்கூட, இது மனப்பாடம்.

சரி, வீடியோ வந்ததே, தீர்ந்ததா? லீக் செய்வதெல்லாம் பஞ்சரான இடத்தில் மட்டும் ஒட்டுப் போடும் சைக்கிள் கடை வேலை. 2013-இல் மாட் டுஷேன் அப்பட்டமான ஆஃப்சைடில், அதாவது பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) வருமுன்னே எதிரணிப் பகுதிக்குள் நுழைந்து, கோல் போட்டார். 2015-16 முதல் பயிற்சியாளர் ஆஃப்சைடுக்கும் கோல்கீப்பர் இடையூறுக்கும் மேல்முறையீடு செய்யலாம் என்றானது. 2019 ஏப்ரல் 23 அன்று சான் ஹோசே–வேகாஸ் 7-ஆவது ஆட்டம். வேகாஸ் 3-0 முன்னிலை. பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்ஆஃப் முடிந்ததும் வேகாஸின் கோடி ஈகின் தள்ளியதில் சான் ஹோசேயின் ஜோ பவெல்ஸ்கி நிலைகுலைந்து, இன்னொருவர்மேல் மோதி, விழுந்து ரத்தம் கொட்டியது. நடந்தபோது எந்த நடுவரும் கை தூக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்தபின் கூடிப் பேசி ஐந்து நிமிட மேஜர் கொடுத்தார்கள். சாதாரண இரண்டு நிமிடம் ஒரு கோலோடு முடிந்துவிடும், மேஜர் முடியாது. சான் ஹோசே 4 நிமிடம் 1 விநாடியில் நான்கு கோல் போட்டு, கடைசியில் ஓவர்டைமில் 5-4 என்று வென்றது. லீக் வேகாஸிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த இரு நடுவர்களும் அடுத்த சுற்றில் இல்லை. அடுத்த சீசனில் விதி வந்தது: சண்டை தவிர்த்த மேஜர் பெனால்டிகளை நடுவரே திரையில் பார்த்து உறுதிசெய்யவோ குறைக்கவோ வேண்டும்.

அதே ஆண்டு மே 15, செயின்ட் லூயிஸ். சான் ஹோசேயின் டிமோ மையர் கையால் தட்டிய பக்கிலிருந்து, அதே அணியின் எரிக் கார்ல்சன் ஓவர்டைம் கோல். கையால் தள்ளியதைத் திரையில் பார்க்க அன்று விதியில் இடமில்லை. மறு சீசனில் அதுவும் சேர்ந்தது. ஒரே வசந்தத்தில், கையால் தட்டிய பக்கில் தோற்ற செயின்ட் லூயிஸ்தான் போசாக் காலால் பிழைத்து கோப்பையையும் தூக்கியது. 2022 இறுதித் தொடரின் 4-ஆவது ஆட்டத்தில் நசீம் காத்ரி ஓவர்டைம் கோல் போட்டபோது கொலராடோ தரப்பில் மாற்று ஆள் சீக்கிரமே இறங்கிவிட்டாரா என்ற கேள்வி எழுந்தது. அதுவோ திரைக்குப் போகாத சமாச்சாரம்.

திரைக்குப் போவதாவது தெளிவாக இருக்கிறதா? 2024 மே 12, புளோரிடா–பாஸ்டன். சாம் பென்னெட் தள்ளியதில் பாஸ்டன் வீரர் சார்லி கோய்ல் தன் கோல்கீப்பர்மேலேயே விழுந்தார். காலியான இடத்தில் பென்னெட் கோல். பாஸ்டன் மேல்முறையீடு செய்தது. கோல்கீப்பரின் வேலையை அது தடுக்கவில்லை என்று கோல் நின்றது. மேல்முறையீடு தோற்றால் இரண்டு நிமிட பெனால்டி வேறு. ஆக, பயிற்சியாளர் நம்பவேண்டியது தன் கண்ணை அல்ல, டொராண்டோவில் லீக்கின் வீடியோ அறையில் இருப்பவர்களின் இன்றைய மனநிலையை.

இதற்கெல்லாம் நடுவே தானாக விழும் ஒரு பெனால்டி உண்டு. தன் பகுதியிலிருந்து பக்கைக் கண்ணாடிக்கு மேலே நேராக வெளியே அடித்தால் இரண்டு நிமிடம். இரண்டாம் ஓவர்டைம் ஆனாலும் கருணை கிடையாது. கை நழுவியவனுக்குத் தண்டனை, வேண்டுமென்றே ஸ்டிக்கால் மணிக்கட்டில் வெட்டியவனுக்கு ‘ஆடுங்க தம்பி’.

ட்ரிப்பிங், ஹூக்கிங் எல்லாவற்றையும் வீடியோவுக்கு அனுப்பு என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒரு வீரர் ஐஸில் இறங்கி நிற்கும் எந்த ஷிஃப்ட்டிலும் ஒரு ஹூக்கிங் கிடைக்கும். ஆட்டம் நள்ளிரவுக்கு முடியும். வேண்டியது மூன்றே. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட முடிவுகளை, ஊதியதையும் ஊதாததையும், சரி தவறு என்று குறித்து வெளியிடுகிறது. மூன்றாம் பீரியடின் கடைசிப் பத்து நிமிடத்துக்கும் ஓவர்டைமுக்கும் என்எச்எல் அதைச் செய்யட்டும். ஊதாததும் ஏட்டில் ஏறும் என்று தெரிந்தால் கை தானே உயரும். இரண்டாவது, ஒரே இணையைத் தொடரின் பல ஆட்டங்களுக்குச் சேர்த்தே அனுப்பலாம். மூன்றாவது, ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவர் நிருபர்களிடம் இரண்டு கேள்விக்காவது பதில் சொல்லட்டும். இப்போது பயிற்சியாளர் வாய் திறந்தால் அபராதம், நடுவர் வாய் திறப்பதே இல்லை.

விதி மாற்றப் பேச்சு வழக்கமாக மார்ச் மாதப் பொது மேலாளர்கள் கூட்டத்தில்தான் தொடங்கும். இது அங்கே எடுபடுமா என்பது சந்தேகம். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் பலர், மே மாதத்தில் விசில் ஊதமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தங்கள் தடுப்பாட்ட வரிசைக்குக் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள்.