‘நச்சற்றது’ என்று போட்டிருந்தாலும் வாட்டர் பீட்ஸ் வேண்டாம்
வாட்டர் பீட்ஸ் என்பவை குழந்தைகள் விளையாடும், தண்ணீரில் ஊறி உப்பும் சின்ன ஜெல் உருண்டைகள். “வாட்டர் பீட்ஸ் நச்சற்றது, விழுங்கினாலும் தானாக வெளியே வந்துவிடும், ஒரு வயதுக் குழந்தைக்கும் தண்ணீரில் போட்டுக் கொடுக்கலாம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே முதல் ஆபத்து நஞ்சு அல்ல, உப்பல். வாங்கும்போது கடுகளவு இருக்கும் அந்த உருண்டை தண்ணீரை உறிஞ்சிக் கோலிக்குண்டு அளவுக்கு, சில வகை அதைவிடப் பெரிதாகவும் வளரும். வயிற்றுக்குள் போனாலும் அதே கதைதான். சிறுகுடலை அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். அமெரிக்காவில் 2023-இல் பத்து மாதக் குழந்தை ஒன்று இதனால் இறந்தது. அந்த டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் என்ற மூன்று பெரிய விற்பனை நிறுவனங்களுமே குழந்தைகளுக்கென்று இதை விற்பதை நிறுத்தின.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கொழகொழவென்று தொட்டு விளையாடத்தானே? ஜவ்வரிசியைக் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவைத்து, ஆறியதும் பீட்ரூட் சாறு விட்டுத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்கும், வாயில் போனாலும் சாப்பாடுதான். அன்றே கொட்டிவிடுங்கள், புளித்துப்போகும். அப்புறம், எந்தத் தண்ணீர் விளையாட்டானாலும் பக்கத்திலேயே இருங்கள். பேசினில் நாலு விரல் தண்ணீர் இருந்தாலே கைக்குழந்தை மூழ்க அது போதும்.