காந்தத்தை நீட்டினால் நிறம் மாறுமா?

“ஓரடுக்குக் குறைக்கடத்தியின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் அது உமிழும் ஒளியின் நிறமே மாறிவிடும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் குழப்பும்.

ஓரடுக்குக் குறைக்கடத்தி என்றால் சில அணுக்களே தடிமனுள்ள குறைக்கடத்தி (செமிகண்டக்டர்) படலம். அப்படி ஒன்றைத் தரும் டங்ஸ்டன் டைசெலினைடை எடுத்துக்கொள்வோம். அதன் ஓரடுக்கு உமிழும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 750 நானோமீட்டர். கண்ணுக்கே அரைகுறையாகத்தான் தெரியும் ஆழ்சிவப்பு. தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தால், வலச்சுழி ஒளியும் இடச்சுழி ஒளியும் (மின்புலம் வலமாகவோ இடமாகவோ சுழன்றபடி செல்லும் ஒளி) ஆற்றலில் பிரிகின்றன. எவ்வளவு? ஒரு டெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தின் அலகு) சுமார் 0.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் மிகச் சிறிய அலகு). 10 டெஸ்லா கொடுத்தாலும் ஒவ்வொன்றும் அரை நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தமோ ஒரு டெஸ்லாவில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது! அதனால்தான் மீக்கடத்திக் காந்தத்துக்குள், ஹீலியம் குளிரில், இரு சுழி ஒளிகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து அளக்கிறார்கள்.

நிறத்தைவிடச் சுவாரசியம் பிரகாசத்தில் இருக்கிறது. புலத்தைத் தளத்துக்கு இணையாகத் திருப்பினால், தற்சுழற்சி (ஸ்பின்) பொருந்தாததால் இருண்டு கிடக்கும் எக்ஸிட்டான்கள் (ஒளியை உமிழும் எலக்ட்ரான்–துளை இணைகள்) மெல்ல ஒளிர ஆரம்பிக்கும். முன்பு இல்லாத ஒரு கோடு நிறமாலையில் தலைகாட்டும்.

அப்புறம், பொருளே காந்தமாக இருந்தால் கதை வேறு. குரோமியம் சல்பைடு புரோமைடில் டெஸ்லாவுக்கும் குறைவான புலமே அடுக்குகளின் காந்தத் திசையைப் புரட்டிவிடும். எக்ஸிட்டான் ஆற்றலும் பல மில்லி எலக்ட்ரான் வோல்ட் இறங்கும். அதுவும் சுமார் 130 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால்தான், அதுவும் அகச்சிவப்பில். அப்படி எழுதியவர் படித்தது ஒருவேளை இதைப் பற்றியதாக இருக்கலாம்.