பாதிப் பணம், ஆராய்ச்சியாளர் திரும்பி வந்த பிறகு

வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்கான பொது சுகாதார ஃபெலோஷிப் அறிவிப்பு எது வந்தாலும் உடனே பகிர்ந்துவிட்டு, "தகுதியுள்ளவர்கள் விண்ணப்பியுங்கள்" என்று எழுதிவிடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அறிவிப்புகளில் ஒன்றையாவது கடைசிவரை படித்துப் பாருங்கள். விமான டிக்கெட், மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, மாநாட்டுச் செலவு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். காலம் முடிந்து நாடு திரும்புகிறவர் எந்த ஆய்வகத்தில் உட்காருவார், அவருக்குச் சம்பளம் யார் தருவார் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. "தன் நாட்டுக்குப் பங்களிப்பார் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரு வரியோடு முடித்திருப்பார்கள்.

எதிர்பார்ப்புக்கு யாரும் பட்ஜெட் போடுவதில்லை. ஃபெலோஷிப் பணத்தில் பாதியாவது, அந்த ஆராய்ச்சியாளர் திரும்பி வந்த பிறகு, அவருடைய நாட்டிலேயே செலவாக வேண்டும் என்கிறேன் நான். இதைச் சொன்னால் "அப்போது பாதிப் பேருக்குத்தானே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். ஆமாம், கிடைக்கட்டும்.

காங்கோவின் ழான்-ழாக் முயெம்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் வைரஸ் இயலில் முனைவர் பட்டம் வாங்கியவர். நாடு திரும்பினார். 1976-இல் யம்புக்கு என்ற இடத்தில் இனம்தெரியாத காய்ச்சலில் (அதுதான் எபோலா) மக்கள் இறந்தபோது, முதலில் அங்கே போன ஆய்வாளர்களில் அவரும் ஒருவர். கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தவர். ஆனால் வைரஸைப் பிரித்தெடுக்கும் வசதி உள்நாட்டில் இல்லை. ரத்த மாதிரி ஃபிளாஸ்கில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்குப் போனது. எபோலாவைக் கண்டுபிடித்த கதை பல வருடங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்களோடுதான் சொல்லப்பட்டது. படிப்பு இருந்தது, திரும்பி வரும் மனமும் இருந்தது, ஆய்வகம்தான் இல்லை.

அதே முயெம்பே கின்ஷாசாவில் தேசிய உயிரிமருத்துவ ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார். 1995-இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து கிடைத்த ஆன்டிபாடிதான் (நோய் எதிர்ப்புப் புரதம்) பின்னாளில் எபோலா மருந்தாகி 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைச் சோதித்த மருத்துவ ஆய்வு 2018, 2019 ஆண்டுகளில் காங்கோ மண்ணிலேயே நடந்தது, அதை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். முதல் ரத்த மாதிரிக்கும் அந்த ஆய்வுக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியைக் குறைக்க ஃபெலோஷிப்புகளால் முடிந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

நேர்மாறான உதாரணமும் உண்டு. இந்திய மருத்துவர் திலீப் மஹலானபிஸ் இங்கிலாந்தில் குழந்தை மருத்துவம் படித்துவிட்டுக் கல்கத்தா திரும்பியபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அங்கேயே நடத்திய ஆய்வு மையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. 1971-இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. அவருடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கரைசலைப் பற்றிய ஆராய்ச்சி கல்கத்தாவிலும் டாக்காவிலும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆளும் இடமும் சேர்ந்து இருந்தன.

பெரும்பாலானவர்களுக்கு அப்படி அமைவதில்லை. திரும்பி வந்ததும் வாரம் முழுக்க வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், அல்லது நிர்வாகக் கோப்பு தள்ளச் சொல்வார்கள். ரீஏஜென்ட் (பரிசோதனைக்கான ரசாயனம்) சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது காலாவதியாகியிருக்கும். மின்சாரம் போனால் ஃப்ரீசரில் உள்ள மாதிரிகள் கெடும். நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பழைய பேராசிரியரின் பெயர் வேண்டும். அவர் பெயர் வந்தால் அவருடைய ஆய்வுக் கேள்வியும் கூடவே வரும். சொந்த நாட்டில் அதிகம் பேரைக் கொல்லும் நோய் ஒன்று, ஆராயப்படும் நோய் இன்னொன்று என்று ஆவது இப்படித்தான். கடைசியில் கட்டுரை வெளியாகும்போது தரவு சேகரித்தவர் பெயர் நடுவில் எங்கோ இருக்கும். பிறகு அவர் மீண்டும் விசாவுக்கு விண்ணப்பித்தால் "மூளை வடிகால்" என்று நாமே கட்டுரை எழுதுவோம்!

விசா விதியால் இதைச் சரிசெய்யலாம் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் படிப்பு, ஆய்வுப் பரிமாற்றத்துக்கான ஜே விசாவில் போகிற பலர் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். ஆள் வந்துவிடுவார். இரண்டு ஆண்டுகள் அவர் என்ன செய்வார் என்று அந்த விதியில் எதுவும் இல்லை.

வேறு வழிகள் இருக்கின்றன, புதிதும் அல்ல. பாகிஸ்தானின் அப்துஸ் சலாம் இயற்பியலாளர், பொது சுகாதாரத்துக்குச் சம்பந்தமில்லாதவர். ஆனாலும் அவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லாகூரில் தனியாகக் கிடந்து ஆராய்ச்சி செய்ய முடியாமல் 1954-இல் நாட்டை விட்டுக் கிளம்பியவர், 1964-இல் இத்தாலியின் டிரியெஸ்டேயில் ஒரு மையம் தொடங்கினார். வளரும் நாட்டு விஞ்ஞானி தன் வேலையை விடாமல், சில ஆண்டுகளில் பலமுறை அங்கே வந்து ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று ஒரு திட்டம் வைத்தார். ஸ்வீடன் நிதியில் நடக்கும் "சாண்ட்விச்" பிஹெச்டி படிப்பும் இதே வகைதான். கொஞ்ச காலம் அங்கே, கொஞ்ச காலம் இங்கே, களப்பணி சொந்த நாட்டில்.

உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டம் 1975-இல் தொடங்கியது. அது இப்போது முதுகலைப் பயிற்சிக்கு ஆட்களை பங்களாதேஷின் பிராக், தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட், இந்தோனேசியாவின் கஜா மாடா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது. இதில் பட்டம் வாங்குகிறவரோடு, பயிற்சி தரும் பல்கலைக்கழகமும் வளர்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கேப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆய்வு மையத்தைக் கட்டிய அப்துல் கரீம் தம்பதி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர்கள். வெளிநாட்டுச் சுகாதார ஆய்வாளர்களின் பயிற்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசின் ஃபோகார்ட்டி மையத்தின் பணத்தில் அவர்கள் மூலமாகத் தென்னாப்பிரிக்கப் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் பயிற்சி பெற்றார்கள்.

அந்த ஃபோகார்ட்டி மையத்தையே மூடிவிடலாம் என்று 2026 நிதியாண்டுக்கான அமெரிக்க அரசின் பட்ஜெட் முன்மொழிவில் எழுதினார்கள். பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை 2021-இல் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கியது, 2027-இல் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. 2021 வெட்டில் பாதியில் நின்ற ஆய்வுகள் பல. அப்புறம் யாரை நம்பி ஒருவர் ஐந்தாண்டு ஆராய்ச்சி தொடங்குவார்?

பணக்கார நாடுகளைத் திட்டிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் சுகாதார ஆராய்ச்சிக்கான சர்வதேச ஆணையம் ஒன்று 1990-இலேயே, வளரும் நாடுகள் தங்கள் சுகாதாரச் செலவில் குறைந்தது 2 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2008-இல் மாலியின் பமாகோவில் கூடிய பல நாட்டு அமைச்சர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். திரும்பி வருகிறவருக்கு ஒரு நிரந்தரப் பணியிடம், தடையில்லாத மின்சாரம், சுங்கத்தில் நிற்காத ரீஏஜென்ட். இந்த மூன்றையும் எந்த வெளிநாட்டு அறக்கட்டளையும் நிரந்தரமாகக் கொடுக்காது, அந்தந்த நாட்டு அரசுதான் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நேர்காணலில் "உங்களிடம் கேள்வி ஏதாவது உண்டா?" என்று கட்டாயம் கேட்பார்கள். நூலகத்தைப் பற்றியெல்லாம் கேட்காதீர்கள். "நான் திரும்பிப் போன பிறகு மூன்று ஆண்டுகளுக்கு எவ்வளவு தருவீர்கள், அந்தப் பணம் யார் பெயரில் வரும்?" என்று கேளுங்கள்.