படத்துக்குக் கீழே ஒரு வரி

கடந்த டிசம்பர் 26 காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மணலில் குப்புற விழுந்து, இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்க்க, ஒரு பெண் அழுகிறார். மேலே சிவப்பு எழுத்தில் "சுனாமியில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த நாகப்பட்டினத்துத் தாய்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியையும் யாரோ ஒட்டியிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் இருபது பேர் கைகூப்பிவிட்டார்கள்.

அந்தப் படம் நாகப்பட்டினத்தில் எடுத்ததில்லை. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா, 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் எடுத்தது. வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு அந்த ஆண்டின் சிறந்த செய்திப் படமாக அதைத் தேர்ந்தெடுத்தது. சுனாமியில் இறந்த உறவினருக்காக ஒரு பெண் அழுகிறார் என்பதற்கு மேல் அதனுடன் வந்த குறிப்பு எதையும் சொல்லவில்லை. பிள்ளை என்ற பேச்சே அதில் கிடையாது.

குழுவில் இதைச் சொன்னேன். "தாயாக இருந்தால் என்ன, உறவாக இருந்தால் என்ன தம்பி, அழுகை அழுகைதானே?" என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். படவிளக்கம் எழுதுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில், கடைசி நிமிடத்தில், ஒன்றரை வரிக்கு இடம் பார்த்து எழுதுவது. செய்தியைப் படிக்காதவர்கூடப் படத்தையும் அதன் கீழே இருக்கும் அந்த வரியையும் பார்த்துவிடுவார். ஆனால் அலுவலகத்தில் மிகக் குறைவாக யோசித்து எழுதப்படுவது அந்த வரிதான்.

கடலூர்ப் படத்தில் கடல் இல்லை. அலை இல்லை, இடிந்த வீடு இல்லை, கவிழ்ந்த படகு இல்லை. மணல், அந்தப் பெண், ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். குறிப்பை எடுத்துவிட்டால் அது நிலநடுக்கமாக இருக்கலாம், கலவரமாக இருக்கலாம், சாலை விபத்தாகவும் இருக்கலாம். "சுனாமி" என்ற ஒரு சொல்தான் அந்த மணலுக்குள் கடலைக் கொண்டுவருகிறது. படம் தன் பங்குக்கு, எண்ணிக்கையால் முடியாததைச் செய்கிறது. பதினான்கு நாடுகளில் ஏறத்தாழ 2,27,000 பேர், நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் என்று எத்தனையோ ஆண்டு நினைவுநாள் செய்திகளில் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு தடவைகூட என் விரல் நடுங்கியதில்லை. அந்தக் கையைப் பார்த்தபோது நடுங்கியது.

"பெற்ற பிள்ளையை இழந்த தாய்" என்று மாற்றி எழுதியவுடன் என்ன ஆகிறது? நமக்கு ஏற்கெனவே தெரிந்த துக்கம் ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடலூரில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ஒருவருக்காக அழுத பெண் காணாமல் போய், எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஒரு தாய் கிடைக்கிறார். அவரைப் பார்த்துக் கைகூப்பலாம். கேள்வி எதுவும் எழாது. கடலூர் மாவட்டத்தில் சுனாமிக்கு இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம். மீன் வரும் என்று கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள், வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்கள் பெண்கள். கடலுக்குள் படகில் இருந்த ஆண்கள் பலர் தப்பினார்கள், ஏனென்றால் ஆழத்தில் சுனாமி அலை உயர்ந்து எழுவதில்லை. இதை எந்தப் படமும் காட்டாது. எழுத்துதான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இடத்தில் நாம் மெழுகுவத்தியை ஒட்டிவிட்டோம், அண்ணி.

ஒரு வினைச்சொல் எவ்வளவு செய்யும் என்பதற்கு 2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததை நினைவூட்டுகிறேன். கத்ரீனா சூறாவளியில் நகரம் மூழ்கிக் கிடந்தது. மார்பளவுத் தண்ணீரில் ஒரு கறுப்பின இளைஞர் பொருட்களுடன் நடந்து வரும் படத்தை ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்டது. மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு வருகிறார் என்றது குறிப்பு. அதே போன்ற தண்ணீரில் வெள்ளையர் இருவர் வரும் படத்தை ஏஎஃப்பி என்ற இன்னொரு செய்தி நிறுவனம் வெளியிட்டது. மளிகைக் கடையிலிருந்து ரொட்டியும் பானமும் கண்டெடுத்து வருகிறார்கள் என்றது அதன் குறிப்பு. யாஹூவின் செய்திப் பக்கத்தில் வந்த இரண்டையும் யாரோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது உலகமே கொதித்தது. தான் நேரில் கண்டதையே எழுதியதாக இரு தரப்பும் சொன்னது. இருக்கலாம். ஆனாலும் தண்ணீர் ஒன்று, பசி ஒன்று, சொல் மட்டும் இரண்டு.

நம் தமிழ்ச் செய்தியின் வழக்கம் இன்னொரு வகை. "இயற்கையின் கோரத்தாண்டவம்", "கடலன்னையின் சீற்றம்", "வருணபகவானின் ருத்ரதாண்டவம்", "வரலாறு காணாத மழை". இவை எல்லாவற்றையும் நான் எழுதியிருக்கிறேன். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மொட்டை மாடியில் நின்று கையசைக்கும் குடும்பங்களின் படங்களுக்குக் கீழே இப்படித்தான் எழுதினோம். படம் தண்ணீரைக் காட்டுகிறது. எழுத்தும் மழையைத் திட்டுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு எப்போது திறக்கப்பட்டது, எவ்வளவு திறந்தார்கள், அடையாற்றின் கரையில் இருந்தவர்களுக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்விகள் படத்துக்குள் வரவே முடியாது. அவை வரியில்தான் வர வேண்டும். பின்னாளில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது. தாண்டவம் ஆடியது இயற்கை என்று நாம் எழுதிவிட்டால், பிறகு யாரிடம் கணக்குக் கேட்பது?

என் மனத்தை இன்றுவரை அரிப்பது ஒக்கி புயல்.

2017 நவம்பர் 30. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களும் வாழைகளும் சாய்ந்து, மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. இரவுக்குள் எங்கள் செய்திப் பிரிவுக்கு ஏராளமான படங்கள் வந்தன. எல்லாம் மரங்கள். காருக்கு மேல் மரம், பள்ளிச் சுவர் மேல் மரம், சாலைக்குக் குறுக்கே மரம். "குமரியைப் புரட்டிப் போட்ட ஒக்கி" என்று தலைப்பிட்டோம். கடலிலிருந்து ஒரு படமும் வரவில்லை. வரவும் முடியாது. பக்க வடிவமைப்பாளர் கன்னியாகுமரியில் பேரலை அடிக்கும் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்தார். அதன் கீழே அடைப்புக்குறிக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில், "கோப்புப் படம்" என்று நான்தான் சேர்த்தேன்.

அந்த இரவில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே போய்விட்டவர்கள். படம் இல்லாததால் முதல் நாள் அவர்கள் செய்தியில் உள்பக்கத்து நான்கு வரிகளாக இருந்தார்கள். அடுத்த நாள் தலைப்புக்கு வந்தபோது, "மீனவர்கள் மாயம்" என்றானார்கள். தமிழ்ப் பத்திரிகைக்கு மிகவும் பழகிய சொல், மாயம். சிறியது, ஒரு பத்தியில் அடங்கும். அதற்காகவே அதைப் போடுவோம்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கடற்கரை ஊரிலிருந்து எங்கள் புகைப்படக்காரர் ஒரு படம் அனுப்பினார். தேவாலயத்துக்கு முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வயதான அம்மா. அவர் கையில் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று, வியர்வை படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையில் போட்டது. கட்டைவிரலைப் படத்தின் ஓரத்தில் மட்டும் வைத்திருக்கிறார். முகத்தில் விரல் பட்டுவிடக் கூடாது என்ற கவனம் அந்த விரலில் தெரிந்தது. "மாயமான மகனின் படத்துடன் தாய்" என்று எழுதினேன். அனுப்பிய பத்து நிமிடத்தில் புகைப்படக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, மாயம் என்று போடாதீர்கள். நேற்றைய பேப்பரைக் காட்டி அந்த அம்மா என்னிடம் கேட்டார், என் மகன் என்ன மாயமா போனான், கடலில் கிடக்கிறான், தேடப் போக ஆள் இல்லை என்றுதானே எழுத வேண்டும் என்று."

அந்த ஊர்களின் கோரிக்கையே அதுதான். தேடும் கப்பல்களில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், காற்றும் நீரோட்டமும் படகை எங்கே கொண்டுபோகும் என்று எங்களுக்குத் தெரியும் என்றார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். மாயமாகிவிட்டவரை யாரும் தேட வேண்டியதில்லை. கடலில் கிடப்பவரைத் தேட ஒருவர் போயாக வேண்டும். சட்டத்தில் வேறு, காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள ஏழு ஆண்டுகள் வேண்டும். அந்த ஏழு ஆண்டுகளை ஒரு மீனவக் குடும்பம் எப்படிக் கடக்கும் என்பது அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றது.

விளக்கத்தை மாற்றினேன். "கரை திரும்பாத மகனைத் தேடச் சொல்லிக் காத்திருக்கும் தாய்." அச்சில் பார்த்தபோது "தேடச் சொல்லி" வெட்டப்பட்டிருந்தது. இடம் போதவில்லையாம். நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

குடும்பக் குழுவில் வந்த அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். மெழுகுவத்திக்கு இடம் தேடி ஓரத்தை வெட்டியிருந்தார்கள். இறந்தவரின் கை அதில் இல்லை. முழுப் படத்தையும் தேடி எடுத்து, இடம், தேதி, எடுத்தவர் பெயர், "இறந்த உறவினருக்காக" என்பது வரை கீழே எழுதி அனுப்பினேன். யாரும் கைகூப்பவில்லை. வெகுநேரம் கழித்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்காள் மகனிடமிருந்து மட்டும் ஒரு செய்தி வந்தது.

"மாமா, ஓரத்தில் இருக்கிற அந்தக் கை யாருடையது?"